யாருக்கு என்ன தெரியும்? பழைய பதுங்கல் விளையாட்டுகளை மறுபடி திறக்கும்போது

சுவரோரமாக ஒரு சிப்பாய். இடப்பக்கம் கொஞ்ச தூரம் நடப்பான், நிற்பான், திரும்புவான், வந்த வழியே வலப்பக்கம் நடப்பான். அவன் பிழைப்பே அவ்வளவுதான். 1998-இல் வந்த ‘கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ்’ விளையாட்டைப் பல வருடம் கழித்து மறுபடி கணினியில் ஏற்றினேன். முதல் பத்து நிமிடம் நான் செய்ததெல்லாம் இந்த ஆளை வேடிக்கை பார்த்தது மட்டும்தான். ஒரு தோட்டா சுடவில்லை, ஓரடி நகரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா மகன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “மாமா, கேம் ஆரம்பிச்சிடுச்சா, இல்ல இன்னும் லோடாயிட்டு இருக்கா?” என்றான்.

ஆரம்பித்துவிட்டது. சொல்லப்போனால் அந்த விளையாட்டில் முக்கால்வாசி அதுதான். இதை ‘ஸ்டெல்த் கேம்’, அதாவது எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிப் போகும் விளையாட்டு என்று சொன்னால் அவனுக்கு ஓரளவு புரியும். ஆனால் அவன் ஆடும் புதிய விளையாட்டுகளில் புதருக்குள் பதுங்குவது ஒரு கூடுதல் வசதி. மாட்டிக்கொண்டால் துப்பாக்கியை எடுத்து நாலு பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு நடையைக் கட்டலாம். பழைய விளையாட்டுகளில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இந்த வகையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும், சின்ன வயதில் ஆடிவிட்டு மறந்துபோனவர்களுக்கும் உதவும்.

எதிரியின் தலைக்குள் என்ன இருக்கிறது?

எந்த விளையாட்டை எடுத்தாலும் அதில் நாம் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற பொருள் ஒன்று இருக்கும். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்றால் மரம், உணவு, பொன், கல். சுடும் விளையாட்டு என்றால் உயிரும் தோட்டாவும். பதுங்கல் விளையாட்டில் கணக்குப் பார்க்க வேண்டியது, யாருக்கு என்ன தெரியும் என்பதை. நான் இங்கே இருப்பது அந்தச் சிப்பாய்க்குத் தெரியாது. அவன் எப்போது திரும்புவான் என்பது எனக்குத் தெரியும். என் கையில் உள்ள முதல் மொத்தமும் இவ்வளவுதான். ஒரு தப்படி வைத்தால் அத்தனையும் ஒரே நொடியில் காலி.

கண்ணாமூச்சி ஆடிய எவருக்கும் இது புதிதில்லை. ஆனால் கணினிக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது விசித்திரமான வேலை. யோசித்துப் பாருங்கள்: நீங்கள் எந்தப் புள்ளியில் நிற்கிறீர்கள் என்பது கணினியின் நினைவகத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அதற்குத் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட கணினி, எதிரிப் பொம்மைக்கு மட்டும் தெரியாதது போல நடிக்க வேண்டும். அதுவும் நியாயமாக நடிக்க வேண்டும். மூக்குக்கு நேரே போகிறவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆடுகிறவருக்குச் சிரிப்பு வரும். சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் கண்டுபிடித்தால் கோபம் வரும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான் இந்த விளையாட்டுகளைச் செய்தவர்களின் கைவண்ணம்.

இதன் ஆரம்பம் 1981. சைலஸ் வார்னர் என்பவர் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த ‘காசில் வுல்ஃபன்ஸ்டைன்’ விளையாட்டில், பகைவர் கோட்டையிலிருந்து தப்ப வேண்டும். சுட்டுக்கொண்டே போகலாம்தான், ஆனால் தோட்டா குறைவு. காவலரின் சீருடையைக் கைப்பற்றிப் போட்டுக்கொண்டு கமுக்கமாக நழுவுவதே புத்திசாலித்தனம். அடுத்து 1987-இல் ஜப்பானில் ஹிடியோ கொஜிமா செய்த ‘மெட்டல் கியர்’. அவரிடம் கொடுக்கப்பட்ட வேலை ஒரு போர் விளையாட்டு. ஆனால் அது ஓடவேண்டிய எம்எஸ்எக்ஸ்2 கணினியால் ஒரே திரையில் நிறைய ஆட்களையும் குண்டுகளையும் காட்ட முடியாது. சரி, சண்டையே வேண்டாம், எதிரியின் கண்ணில் படாமல் போவதையே விளையாட்டாக வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். இயலாமையில் பிறந்த யோசனை ஒரு முழு வகைக்கே அடித்தளம் போட்டுவிட்டது.

அப்புறம் 1998. ஒரே வருடத்தில் ‘டென்சு’, ‘மெட்டல் கியர் சாலிட்’, ‘கமாண்டோஸ்’, ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ என நான்கும் வந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை இல்லை. நான்கும் ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொன்னவை: எதிரிக்கு என்ன தெரியும் என்பதை ஆடுகிறவருக்கு எப்படிக் காட்டுவது?

பச்சை விசிறி

ஸ்பெயின் நாட்டின் பைரோ ஸ்டுடியோஸ் செய்த கமாண்டோஸ் சொன்ன விடைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் வரைபடம். கண் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு எதிரி ஒருவனைச் சுட்டினால், அவன் பார்வை பரவும் இடம் தரையில் பச்சை விசிறியாக விரியும். அவன் தலை திரும்பினால் விசிறியும் திரும்பும். சுவர் குறுக்கே வந்தால் அங்கேயே வெட்டுப்படும். அந்த விசிறிக்கே இரண்டு பகுதிகள் உண்டு. கிட்டே இருப்பது வெளிர்பச்சை. அங்கே எப்படிப் போனாலும் மாட்டுவீர்கள். தூரத்தில் இருப்பது கரும்பச்சை. அங்கே நடந்தால் மாட்டுவீர்கள், தவழ்ந்து போனால் தெரியாது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரே ஒருவனின் விசிறியைத்தான் பார்க்க முடியும். வரைபடத்தில் இருபது பேர் நின்றால், பத்தொன்பது பேர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருடைய விசிறியையும் ஒரே நேரத்தில் காட்டியிருந்தால் இது வழிகாட்டிப் படமாகிவிடும். ஒன்றைக்கூடக் காட்டாவிட்டால் குருட்டாட்டம். ஒன்றே ஒன்று என்றதில் இருக்கிறது சூட்சுமம்.

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நம் ஆரம்பச் சிப்பாய் சுவரோரம் நடப்பவன். அவனைத் தாண்டி இன்னொருவன், நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் திருப்புகிறான். நடப்பவன் ஒருமுறை போய்த் திரும்ப 12 எண்ணிக்கை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பவனின் விசிறி ஒரு சுற்று முடிக்க 8 எண்ணிக்கை. நடப்பவன் முதுகைக் காட்ட வேண்டும், அதே நேரத்தில் நிற்பவன் வேறு பக்கம் பார்க்க வேண்டும். ஒருமுறை இரண்டும் சேர்ந்து அமைந்துவிட்டால், அடுத்து அமைவது 24-ஆம் எண்ணிக்கையில்தான். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு கற்றுக்கொண்டபோது இது எதற்கு உதவப்போகிறது என்று கேட்டவன் நான். இதற்குத்தான்.

அந்த ஒரு கணத்தில் கிரீன் பெரே எனப்படும் முரட்டு வீரன், கையில் கத்தியோடு கரும்பச்சையைத் தவழ்ந்து கடந்து, எழுந்து ஓடி, நடப்பவனை முடிக்க வேண்டும். கத்திக்குச் சத்தம் கிடையாது. துப்பாக்கி என்றால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஓடி வருவார்கள். முடித்தாயிற்றா? வேலை முடியவில்லை. கீழே கிடக்கும் உடலே இப்போது ஒரு தகவல். அதை எவனாவது பார்த்தால் உங்களைப் பார்த்ததற்குச் சமம். தோளில் தூக்கிக்கொண்டு போய் மறைவில் போட வேண்டும். நான் அப்படித்தான் போட்டேன், மறைவு என்று நினைத்த இடத்தில். எங்கிருந்தோ ரோந்து வந்த கும்பல் அதைப் பார்த்துவிட்டது. சங்கு ஊதியது, எனக்கும் சேர்த்து.

கமாண்டோஸில் மொத்தம் ஆறு பேர், 20 மிஷன். ஒவ்வொருவனுக்கும் அவனால் மட்டுமே முடிகிற வேலைகள் உண்டு. நீச்சல் வீரன் தண்ணீருக்கடியில் போவான், ரப்பர் படகு வைத்திருப்பான். ஒற்றன் எதிரியின் உடையைத் திருடிப் போட்டுக்கொண்டால் சிப்பாய்களின் முன்னாலேயே உலாவி அவர்கள் கவனத்தைத் திருப்புவான். குறிபார்த்துச் சுடுபவனிடம் தோட்டா எண்ணிக் கொடுத்திருக்கும். ஒருவன் செத்தாலும் மிஷன் தோல்வி. ஆறு பேரில் யாரை எந்த வரிசையில் எங்கே அனுப்புவது என்று உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் இது வெறும் பதுங்கல் இல்லை, முழு வியூக விளையாட்டு என்பது உறைக்கிறது.

இருட்டின் மறுபக்கம்

வியூக விளையாட்டு, அதாவது ஸ்ட்ராட்டஜி கேம், பார்வைக்கு வேறு குடும்பம். ஊர் கட்டு, படை திரட்டு, எதிரி ஊரை இடி. ஆனால் அங்கேயும் யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்விதான் அடியில் ஓடுகிறது. திசை மட்டும் தலைகீழ். பதுங்கல் விளையாட்டில் எதிரிக்கு உங்களைத் தெரியாது. வியூக விளையாட்டில் உங்களுக்கு எதிரியைத் தெரியாது.

இதற்கு ‘ஃபாக் ஆஃப் வார்’ என்று பெயர். தமிழில் போர்மூட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். 1992-இல் வந்த ‘டூன் 2’ விளையாட்டில் வரைபடம் முழுக்கக் கறுப்பாக இருக்கும். நம் வண்டி போன இடமெல்லாம் திறக்கும், திறந்தது திறந்ததுதான். 1995-இல் ‘வார்கிராஃப்ட் 2’ இதில் ஒரு திருகு திருகியது. நம் ஆள் அங்கிருந்து நகர்ந்ததும் அந்த இடம் மறுபடி மங்கிவிடும். மலை, மரம், ஆறு எல்லாம் தெரியும். இப்போது அங்கே யார் நடமாடுகிறார்கள் என்பது தெரியாது. நேற்றைய செய்தியை வைத்துக்கொண்டு இன்றைக்கு முடிவெடுப்பது போல.

இது சின்ன மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஆடும் முறையே இதனால் மாறிப்போகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஆட்டம் தொடங்கும்போதே வேவு பார்க்க ஒரு குதிரைவீரனைக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக ஆடுபவர்கள் அவனைச் சும்மா நிற்கவைத்துவிட்டு மரம் வெட்டப் போய்விடுவார்கள். பழகியவர்கள் முதல் நிமிடத்திலிருந்து அவனை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். எதிரி குதிரைப்படை கட்டுகிறான் என்பது முன்கூட்டியே தெரிந்தால் ஈட்டிக்காரர்களைத் தயார் செய்து வைக்கலாம். ஈட்டி மலிவு, குதிரை விலை அதிகம். ஒரு குதிரைவீரன் கொண்டுவந்த சேதி ஒரு படையின் விலை பெறும்.

பதுங்கலும் வியூகமும் இன்னும் நெருங்கி நிற்கும் இடம் 1994-இல் வந்த எக்ஸ்-காம். ஐரோப்பாவில் இதன் பெயர் ‘யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்’. ஜூலியன் கோலப், நிக் கோலப் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்து இறங்குகிறார்கள். உங்கள் படை தேடிப் போகிறது. மாறி மாறி ஆடும் முறை. உங்கள் முறை முடிந்ததும் எதிரியின் முறை. அப்போது என்ன காட்டுவார்கள் தெரியுமா? ஒன்றையும் காட்ட மாட்டார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத நகர்வு’ என்ற பொருளில் ஓர் எழுத்தும் ஒரு படமும் மட்டும் திரையில் நிற்கும். எங்கோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்கும். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எத்தனை பேர், எதுவும் தெரியாது. இன்றைய கிராபிக்ஸை எவ்வளவு கொட்டினாலும் அந்தக் கதவுச் சத்தம் கொடுத்த நடுக்கத்தைக் கொடுப்பது கஷ்டம்.

இங்கே ஒரு கிளைக்கதை. எக்ஸ்-காமின் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமை) பதிப்பில் ஒரு பிழை இருந்தது. மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் சண்டை முடிந்ததும் அது சத்தமில்லாமல் ஆரம்ப நிலைக்கே இறங்கிவிடும். ஆடியவர்களுக்கு இது தெரியாது. ரொம்ப சுலபமாக இருக்கிறது என்று முறையிட்டார்கள். செய்தவர்களுக்கும் தெரியாது. அதனால் 1995-இல் வந்த அடுத்த பாகத்தை வதைக்கிற அளவுக்குக் கடினமாக்கிவிட்டார்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதையே பொருளாக வைத்த விளையாட்டுக்கு இப்படி ஒரு விதி.

பார்வை மட்டும் போதுமா?

போதாது. காது என்று ஒன்று இருக்கிறது. அதை முழுசாகப் பயன்படுத்திய விளையாட்டு தீஃப். லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் செய்தது. காரெட் என்ற திருடனின் கண் வழியாகவே உலகத்தைப் பார்க்கிறீர்கள். மேலிருந்து பார்க்கும் வசதி கிடையாது, விசிறி கிடையாது. திரையின் அடியில் ஒரு சின்னக் கல் மட்டும் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்றால் அது மின்னும், இருட்டில் நின்றால் மங்கும். எதிரியின் கண்ணுக்கு நான் எவ்வளவு தெரிகிறேன் என்பதற்கு அந்தக் கல் ஒன்றுதான் சாட்சி.

தரைக்கு வருவோம். கம்பளத்தின் மேல் நடந்தால் அரவம் இல்லை. பளிங்குத் தரையில் நடந்தால் டக் டக். இரும்புத் தகட்டில் கால் வைத்தால் தெருவுக்கே கேட்கும். பாசி அம்பு என்று ஒன்று வைத்திருப்பீர்கள். அதைத் தரையில் எய்தால் அந்த இடத்தில் பாசி படர்ந்து காலடிச் சத்தம் அமுங்கும். நீர் அம்பை எய்தால் தீப்பந்தம் அணையும். மின்விளக்கு என்றால் இந்தப் பாச்சா பலிக்காது. கையில் இருக்கும் வரைபடமோ யாரோ அவசரத்தில் கிறுக்கியது போல இருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டாது. மிகக் கடின நிலையில் மனிதர் யாரையும் கொல்லக்கூடாது என்பதும் நிபந்தனை. புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். இங்கே புலி கடைசி வரை பாயாது. உண்டியலைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நான் சொல்வது, ஹெட்ஃபோன் இல்லாமல் தீஃப் ஆடாதீர்கள். காவலன் கதவுக்கு அந்தப் பக்கம் எந்தத் திசையில் நடக்கிறான் என்பதைக் காதால் கேட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கரில் ஆடினால் பாதி விளையாட்டு காற்றோடு போய்விடும்.

சந்தேகம் என்ற படிக்கட்டு

எதிரிக்குத் தெரியும், தெரியாது என்று இரண்டே நிலைகள் இருந்தால் ஆட்டம் சப்பென்று இருக்கும். நடுவே சந்தேகம் வேண்டும். தீஃபில் ஏதோ சத்தம் கேட்ட காவலன் நின்று, “யாரது?” என்பது போல ஏதோ சொல்லிவிட்டுச் சத்தம் வந்த பக்கம் வருவான். ஒன்றும் இல்லையென்றால் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவான். அவன் வாய்விட்டுப் பேசுவது அவனுக்காக இல்லை, உங்களுக்காக. அவன் தலைக்குள் இருப்பதை உங்களுக்குத் தெரியப்படுத்த வேறு வழி இல்லை.

மெட்டல் கியர் சாலிட் இதையே ஓர் ஆச்சரியக்குறியாகச் சுருக்கியது. பார்த்துவிட்டால் சிப்பாயின் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு குறி, கூடவே சுருக்கென்று ஒரு சத்தம். திரையின் மூலையில் எதிரிகளின் பார்வையைக் காட்டும் ரேடார் இருக்கும். நீங்கள் மாட்டிக்கொண்ட நிமிடம் அந்த ரேடாரும் வேலை செய்யாது. தப்புச் செய்தவனிடமிருந்து அவன் கையில் இருந்த தகவலையும் பிடுங்கிக்கொள்கிற தண்டனை. பனியில் நடந்தால் காலடித் தடம் விழும். அதைப் பார்த்துச் சிப்பாய் பின்னாலேயே வருவான். இதையே திருப்பிப் போட்டால் உங்கள் ஆயுதம். சுவரைத் தட்டினால் சத்தம் கேட்டு வருவான், நீங்கள் மறுபக்கமாக நழுவலாம். நன்றாக ஆடுபவர்கள் தங்களை மறைப்பதோடு நிற்க மாட்டார்கள். எதிரியின் தலைக்குள் பொய்த் தகவலையும் போடுவார்கள்.

2000-இல் தொடங்கிய ‘ஹிட்மேன்’ வரிசை முழுக்க இந்தப் பொய்யின் மேல் நிற்கிறது. அங்கே எல்லோரும் உங்களைப் பார்க்கிறார்கள். சமையல்காரர் உடையில் இருப்பதால் சமையல்காரர் என்று நினைக்கிறார்கள். கண்ணில் மண்ணைத் தூவுவது என்றால் அதுதான். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சேவ் பண்ணுவது தப்பா?

பழைய விளையாட்டுகளுக்குத் திரும்பும்போது பலர் முதல் ஒரு மணி நேரத்திலேயே கைவிடுவதற்குக் காரணம், ஐம்பது தடவை தோற்பது. தோற்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ தாம் சரியாக ஆடவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கமாண்டோஸ் போன்றவற்றில் சேவ் செய்து, முயன்று, தோற்று, மறுபடி ஏற்றுவதுதான் ஆடும் முறை. அதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சதுரங்கத்தில் மனதுக்குள் பத்து நகர்த்தல் ஓட்டிப் பார்ப்பதைத்தான் இங்கே திரையிலேயே ஓட்டிப் பார்க்கிறோம். ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு தகவல் கையில் நிற்கிறது: அந்தக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ரோந்து வரும் என்று இப்போது தெரியும்.

2016-இல் வந்த ‘ஷேடோ டேக்டிக்ஸ்’ இதைப் புரிந்துகொண்ட விளையாட்டு. ஜெர்மனியின் மிமிமி நிறுவனம் கமாண்டோஸ் பாணியை எடோ கால, அதாவது சாமுராய் காலத்து ஜப்பானுக்குக் கொண்டுபோய் வைத்தது. கடைசியாகச் சேவ் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று திரையிலேயே நினைவூட்டும். சேவ் பண்ணிக்கொள், வெட்கப்படாதே என்று தோளைத் தட்டுவது மாதிரி. இரண்டு மூன்று ஆட்களுக்கு முன்கூட்டியே வேலையைச் சொல்லிவைத்து ஒரே பொத்தானில் ஒன்றாக இயக்கும் வசதியும் உண்டு. 24-ஆம் எண்ணிக்கைக்காக ஐந்து விரலையும் விசைப்பலகையில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே நிறுவனம் 2020-இல் ‘டெஸ்பராடோஸ் 3’, 2023-இல் ‘ஷேடோ கேம்பிட்’ செய்துவிட்டுக் கடையை மூடிவிட்டது. வருத்தம்தான்.

பழையதை ஓடவைப்பது

பழைய சிடியை இப்போதைய கணினியில் போட்டால் பல சமயம் நிறுவவே மறுக்கும். 90-களின் விளையாட்டுகள் பலவற்றில் நிறுவும் நிரல் 16-பிட்டில் எழுதப்பட்டது. இன்றைய 64-பிட் விண்டோஸ் அதை இயக்காது. சேஃப்டிஸ்க் போன்ற நகல் தடுப்பு முறைகளுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணத்துக்காக ஏற்பதில்லை, அதனால் சில அசல் சிடிகள் நிறுவினாலும் ஓடாது. அப்படியே ஓடினாலும் கணினி வேகமாக இருப்பதால் சில விளையாட்டுகள் சார்லி சாப்ளின் நடை நடக்கும். மெனக்கெட்டு மாரடிக்க வேண்டாம். 2008-இல் தொடங்கிய ஜிஓஜி போன்ற இணையக் கடைகளில் இப்போதைய விண்டோஸுக்கு ஏற்பத் தயார் செய்த பதிப்புகள் கிடைக்கின்றன. டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் பழைய கணினி போலவே நடித்துக் கொடுக்கும்.

அப்புறம் ரசிகர்கள் செய்த வேலைகள். எக்ஸ்-காமுக்கு ‘ஓப்பன்எக்ஸ்காம்’ இருக்கிறது. அசல் விளையாட்டின் கோப்புகளைக் கொடுத்தால், மேலே சொன்ன பிழை உட்படப் பலவற்றைச் சரிசெய்து ஓட்டும். தீஃபுக்கு 2012-இல், தன் உண்மைப் பெயரைச் சொல்லாத ஒருவர், அகலத் திரைக்கும் புதிய கணினிக்கும் ஏற்ற திருத்தத்தை வெளியிட்டார். அதை வைத்துத்தான் இன்றும் எல்லோரும் ஆடுகிறார்கள். தீஃபின் சாயலில் ரசிகர்களே கட்டிய ‘தி டார்க் மாட்’ முற்றிலும் இலவசம், தனியாகவே ஓடும்.

புதுப்பித்த பதிப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது 2019-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன். புதிதாக ஆடுபவர்களுக்குப் பாடம் எடுக்கும் பகுதியும் அதில் இருக்கிறது. எல்லாப் புதுப்பித்தலும் இப்படி அமைவதில்லை. அசலின் மூல வடிவம் கிடைத்தால் முதலில் அதையே பாருங்கள் என்பேன். 640-க்கு 480 புள்ளிகளில் படம் கொஞ்சம் பல் பல்லாகத் தெரியும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பழைய சதுரத் திரைக்கு வரைந்த படத்தை அகலத் திரைக்கு இழுக்கும்படி விடாதீர்கள். ஆட்கள் எல்லாம் குண்டாகிவிடுவார்கள், தூரக் கணக்கும் கண்ணை ஏமாற்றும்.

எதில் தொடங்குவது? ஒரேயடியாக 1998-இல் குதிக்காமல் ஷேடோ டேக்டிக்ஸில் தொடங்கலாம். விசிறி, தவழ்தல், உடலை மறைத்தல் எல்லாம் அதிலேயே பழகிவிடும். பிறகு கமாண்டோஸுக்குப் போனால் மூச்சு முட்டாது. காதை நம்புகிறவர் என்றால் நேராகத் தீஃப். பொறுமை நிறைய இருந்து, ஆட்களைப் பெயர் வைத்து வளர்த்துப் பறிகொடுத்து அழத் தயார் என்றால் எக்ஸ்-காம். எதில் தொடங்கினாலும் முதல் ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். யார் எங்கே நடக்கிறார், எத்தனை எண்ணிக்கையில் திரும்புகிறார், யாரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஒரு துண்டுக் காகிதம் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அன்றைக்கு நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அக்கா மகன் பதிலே பேசவில்லை. கேட்டானா இல்லையா என்று திரும்பிப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “இருபத்திரெண்டு, இருபத்திமூணு... மாமா, இப்ப!” என்றான். நான் ஒரு கணம் தாமதித்து அழுத்தினேன். சங்கு ஊதிவிட்டது.

“தள்ளுங்க, நான் பண்றேன்” என்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டான்.